கண் ஸ்கேனுக்கு எவ்வளவு? முதலில் கடிதத்தைக் காட்டுங்கள்

சிங்கப்பூரில் விழித்திரைக்கு ஓசிடி (OCT) ஸ்கேன் எடுக்க எவ்வளவு ஆகும் என்று நான் தொலைபேசியில் கேட்டபோது, மறுமுனையில் இருந்த பெண் விலை எதுவும் சொல்லவில்லை. "பரிந்துரைக் கடிதம் யார் கொடுத்தது?" என்று கேட்டார். முதலில் எரிச்சலாக இருந்தது. பில் கைக்கு வந்த பிறகு பார்த்தால், விலையைத் தீர்மானித்ததே அந்தக் கேள்விதான்.

ஸ்கேன் என் மாமியாருக்கு. 1953இல் பிறந்தவர். சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக உண்டு. பலதுறை மருந்தகத்தில் (அரசின் பாலிகிளினிக்) ஆண்டுக்கொருமுறை விழித்திரைப் படம் எடுப்பார்கள்; பயிற்சி பெற்றவர்கள் அதைப் பார்த்துத் தரம் பிரித்துச் சொல்வார்கள். இம்முறை விழித்திரையின் மையப் பகுதியில் நீர் கோத்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் கண் நிபுணரிடம் அனுப்பினார்கள். அந்தப் படம் விழித்திரையை மேலிருந்து தட்டையாகக் காட்டும். ஓசிடி அதன் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டி, எங்கே எத்தனை மைக்ரான் தடித்திருக்கிறது என்று அளந்து சொல்லும். கண்ணில் ஊசி போட வேண்டுமா என்பது பெரும்பாலும் அந்த அளவை வைத்துத்தான் முடிவாகிறது.

சந்திப்புத் தேதி தள்ளிக் கிடைத்ததும் வீட்டில் பொறுமை போய்விட்டது. "பேரங்காடி மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே அந்த மிஷின் இருக்காமே, எடுத்துடலாமே" என்றார் என் கணவர். எடுக்கலாம்தான். ஆனால் அதற்கு மானியம் கிடையாது. தடிப்பு இருப்பது தெரிந்தாலும் நிபுணரிடம்தான் போக வேண்டும். அங்கே அவர்கள் தங்கள் கருவியில் மறுபடி எடுப்பார்கள், ஏனென்றால் அடுத்தடுத்த வருகைகளில் ஒரே கருவியின் படங்களை ஒப்பிட்டால்தான் மாற்றம் சரியாகத் தெரியும். அதனால் காத்திருந்தோம். திடீரென்று பார்வை மங்கினாலோ, கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது; நேராக அவசரப் பிரிவுதான். தாதி இதை அத்தையிடம் அழுத்திச் சொன்னார்.

இப்போது கணக்கு. நிபுணர் மருந்தகத்தில் மானிய நோயாளியாக வேண்டுமென்றால் பலதுறை மருந்தகத்தின் கடிதமோ, சாஸ் (CHAS) என்ற அரசு மானியத் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகத்தின் கடிதமோ வேண்டும். குடிமக்களுக்கு மானியம் 30 முதல் 70 விழுக்காடு வரை. எத்தனை என்பதை வீட்டின் தலா வருமானம் முடிவு செய்கிறது. அடையாள அட்டையில் ஒரே முகவரி உள்ள குடும்பத்தாரின் சம்பளத்தைக் கூட்டி, ஆள்கணக்கில் வகுக்கிறார்கள். அத்தைக்குச் சொந்த வருமானம் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் இருப்பதால் எங்கள் இருவர் சம்பளமும் அவர் கணக்கில் ஏறிவிட்டது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவரும் வகுக்கும் எண்ணைக் கூட்டி உதவினார்கள். அவர்கள் இந்த வீட்டுக்குச் செய்த முதல் பொருளாதார உதவி.

மானியம் போக மிஞ்சுவதில் 1950களில் பிறந்த மெர்டேக்கா தலைமுறையினருக்கு மேலும் 25 விழுக்காடு கழிவு, அவர்களுக்கும் மூத்த முன்னோடித் தலைமுறையினருக்கு 50. இது முழுத் தொகையில் கழிவதில்லை, மிச்சத்தில் கழிகிறது. ஸ்கேனின் முழுக் கட்டணம் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். 50 விழுக்காடு மானியம் என்றால் மிச்சம் 50. மெர்டேக்கா அட்டை இருந்தால் 37.50. முன்னோடி அட்டை என்றால் 25. பொருள் சேவை வரி 9 விழுக்காட்டையும் மானிய நோயாளிகளுக்கு அரசே ஏற்கிறது. அதே கட்டடத்துக்குத் தனியார் நோயாளியாகப் போனால் மானியம் இல்லை, தலைமுறைக் கழிவு இல்லை, வரி உண்டு. அடிப்படைக் கட்டணமும் பொதுவாகக் கூடுதல்.

எங்கள் புளோக்கில் கீழ்மாடியில் இருக்கும் அண்ணன் ஒருவர் தனக்குப் பிடித்த மருத்துவரைத்தான் பார்ப்பேன் என்று தனியார் வழியில் போனார். மூன்றாவது ஸ்கேனுக்குப் பிறகு மானியத்துக்கு மாறக் கேட்டபோது, மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கச் சொன்னார்கள். அதன்பின் நிதி நிலைமை மதிப்பீடு, படிவங்கள். இந்த நோய்க்கு ஓசிடி ஒருமுறையோடு நிற்பதில்லை. ஊசி தொடங்கிவிட்டால் அநேகமாக ஒவ்வொரு வருகையிலும் எடுப்பார்கள். முதல் பில்லை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுத்தால் அடுத்தடுத்த பில்கள் கடிக்கும்.

ஸ்கேன் எடுத்த நாளில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பார்வைப் பரிசோதனை, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து, காத்திருப்பு. பிறகு தாடையைத் தாங்கியில் வைத்து ஒரு பச்சைக் குறியை உற்றுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கருவி கண்ணைத் தொடுவதே இல்லை. வெளியே வந்த அத்தை, "ஏம்மா, இதுக்கா இவ்வளவு காசு? தேக்கால பாஸ்போர்ட் படம் எடுக்கவே இதைவிட நேரமாகுமே!" என்றார். பில்லைப் பார்த்தால் அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு: மருத்துவர் ஆலோசனைக் கட்டணம் ஒரு வரி, ஸ்கேன் தனி வரி. நாங்கள் போனில் கேட்டது ஸ்கேனை மட்டும். விசாரிக்கும்போது அன்றைய மொத்த பில் எவ்வளவு வரும் என்றும், சொல்லும் விலை ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

சொட்டு மருந்தால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் உள்ளது மங்கும். துணைக்கு ஆள் வேண்டும். என் அரைநாள் விடுப்பு எந்தப் பில்லிலும் வரவில்லை.

மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் விஷயத்தில்தான் வீட்டில் ஒரு சின்ன விவாதம். மகன் தன் மெடிசேவிலிருந்து தாய்க்குக் கட்டலாம். மருமகள் மாமியாருக்குக் கட்ட முடியாது. அத்தை 60 வயதைத் தாண்டியவர் என்பதால் அவருடைய சொந்தக் கணக்கில், மூத்தோர் வெளிநோயாளிச் செலவுக்கு எடுக்கக்கூடிய ஃபிளெக்சி மெடிசேவும் இருந்தது. நாட்பட்ட நோய்களுக்கு மெடிசேவைப் பயன்படுத்த விடும் திட்டத்தில் சர்க்கரை நோயும் இருப்பதால் அந்த வழியும் திறந்திருக்கிறது, ஆனால் அதில் 15 விழுக்காட்டை நாம் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆண்டு வரம்பு உண்டு. மருந்துக்கே வரம்பு தீர்ந்துவிட்டால் ஸ்கேன் ரொக்கத்தில் போகும். கட்டண முகப்பில் எதை எதிலிருந்து கழிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்பீட்டை இங்கே நம்பிப் பயனில்லை. அது பெரிய மருத்துவமனை பில்களுக்கும், டயாலிசிஸ் போன்ற செலவுமிக்க சில வெளிநோயாளிச் சிகிச்சைகளுக்கும்தான்.

மருத்துவர் "ஆஞ்சியோ" (ரத்தநாளங்களைப் படமெடுப்பது) என்ற சொல்லைச் சொன்னால் எந்த ஆஞ்சியோ என்று கேட்பது நல்லது. ஓசிடி ஆஞ்சியோவுக்கு ஊசி இல்லை. ஃபுளோரசீன் ஆஞ்சியோவில் கையிலுள்ள ரத்தநாளம் வழியே சாயம் ஏற்றிப் படமெடுப்பார்கள். தோலும் சிறுநீரும் ஒருநாள் போல மஞ்சளாக இருக்கும், சிலருக்குக் குமட்டும், அரிதாக ஒவ்வாமையும் வரலாம். சம்மதப் படிவம், உடன் தாதி எல்லாம் வேண்டியிருப்பதால் கட்டணமும் வேறு. அத்தைக்கு அது இப்போது தேவையில்லை என்றார்கள்.

தடிப்பு கொஞ்சம்தான், ஊசி வேண்டாம், சில மாதம் கழித்து மறுபடி ஓசிடி எடுத்துப் பார்ப்போம் என்று மருத்துவர் சொன்னார். அடுத்த தேதியைக் குறித்துக்கொடுத்த ஊழியரிடம் அன்றைக்கான கட்டண மதிப்பீட்டையும், ஒருவேளை ஊசி வந்தால் அதற்கான மதிப்பீட்டையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.