வூர்ட்ஸ்பர்க்கில் ஒயின், பாம்பெர்க்கில் பியர், நடுவே ஒரு காடு

ஜெர்மனிக்கு வரும் நண்பர்கள் எனக்கு அனுப்பும் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பெர்லின், மியூனிக், நாய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை, ரைன் நதியில் ஒரு படகுப் பயணம். எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் கையில் சில நாள்கள்தான் இருக்கின்றன, இந்த நாட்டின் சின்ன ஊர்களையும் சாப்பாட்டையும் நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் பிராங்கன் பக்கம் வாருங்கள் என்பேன். பவேரியா மாநிலத்தின் வடபகுதி அது. நான் வேலை பார்க்கும் எர்லாங்கன் இங்கேதான் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் ரயிலேறிச் சுற்றியே இந்த ஊர்களைப் பழகிக்கொண்டேன்.

இங்கே ஊருக்கு ஊர் சாப்பாடு மாறுவதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1871 வரை ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. வூர்ட்ஸ்பர்க்கையும் பாம்பெர்க்கையும் தனித்தனி ஆயர்கள் ஆண்டார்கள். மதத் தலைவரும் அவரே, அரசரும் அவரே. நியூரம்பெர்க்கோ புனித ரோமானியப் பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திர நகரம். அங்கே ஆட்சி பெரும் வணிகக் குடும்பங்களின் கையில் இருந்தது. இன்று ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் ஊர்கள் அன்று வேறு வேறு நாடுகள். நெப்போலியன் காலத்துக் குழப்பத்தில்தான் இவை பவேரியாவோடு சேர்க்கப்பட்டன. இன்றைக்கும் இங்குள்ளவர்களைப் பவேரியர் என்று சொன்னால், "நாங்கள் பிராங்கன்காரர்கள்" என்று உடனே திருத்துவார்கள்.

வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து தொடங்கலாம். மைன் நதிக்கரை, சுற்றிலும் திராட்சைத் தோட்டச் சரிவுகள், மேலே மரியன்பெர்க் கோட்டை. ஊருக்குள் ஆயர்களின் அரண்மனையான ரெசிடென்ஸ். பால்தசார் நாய்மன் வடிவமைத்த அதன் படிக்கட்டு மண்டபத்தில் நின்று மேலே பார்க்க வேண்டும். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத பெரிய கூரை முழுக்க, வெனிஸிலிருந்து வந்த டியெப்போலோ 1752, 53-ல் தீட்டிய ஓவியம். அன்று ஐரோப்பியர் அறிந்த நான்கு கண்டங்களும் அதில் இருக்கின்றன. ஆசியா ஒரு பெண்ணாக யானைமேல் உட்கார்ந்திருக்கிறாள். ஐரோப்பா பக்கத்தில் நாய்மனே ஒரு பீரங்கிமேல் சாய்ந்திருக்கிறார். 1945 மார்ச் 16 இரவுக் குண்டுவீச்சில் நகரம் எரிந்து தரைமட்டமானபோதும் இந்தக் கூரை விழவில்லை. நான் போகும்போதெல்லாம் கழுத்து வலிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.

சாயங்காலம் பழைய மைன் பாலத்துக்குப் போங்கள். பாலத்தின் முனையில் ஒயின் கண்ணாடிக் கோப்பையிலேயே தருவார்கள், கோப்பைக்கு முன்பணம் தனி. அதை எடுத்துக்கொண்டு போய், புனிதர் சிலைகளுக்கு நடுவே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஊரே பேசிக்கொண்டிருக்கும். சில்வானர் என்ற வெள்ளை ஒயினைக் கேளுங்கள். இந்த மண்ணின் திராட்சை அது, இனிப்பில்லாமல் சுத்தமாக இருக்கும். எனக்கு இந்த ஊர்மேல் தனி மரியாதை வரக் காரணம் ஒன்று உண்டு. 1316-ல் தொடங்கிய பூர்கர்ஷ்பிட்டால், 1576-ல் தொடங்கிய யூலியஸ்ஷ்பிட்டால் இரண்டும் ஏழைகளுக்கும் முதியவர்களுக்குமான தர்ம நிறுவனங்கள். இரண்டுக்கும் சொந்தத் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. ஒயின் விற்ற பணம் இன்றைக்கும் முதியோர் பராமரிப்புக்குப் போகிறது.

வூர்ட்ஸ்பர்க்குக்குக் கிழக்கே ஷ்டைகர்வால்ட் என்ற காடு. பீச் மரங்கள் அடர்ந்த மலைத்தொடர். அதற்கு மேற்கே ஒயின், கிழக்கே பியர். காட்டைத் தாண்டினால் திராட்சைச் சரிவுகள் மறைந்து, ஊருக்கு ஊர் சின்னச் சின்ன பியர் ஆலைகள் தென்பட ஆரம்பிக்கும்.

அப்புறம் பாம்பெர்க். மூன்று ஊர்களில் என் மனசுக்கு மிக நெருங்கியது இதுதான். இதற்கு ஒரு பகல் போதாது, ஒரு ராத்திரியாவது தங்குங்கள். போரில் பெரிதாகச் சேதமடையாத ஊர் என்பதால் பழைய நகரம் அப்படியே நிற்கிறது. 1993-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரெக்னிட்ஸ் ஆற்றின் நடுவே, பாலத்தின்மேல் நகரமன்றக் கட்டடம். கட்டுவதற்கு ஆயர் நிலம் தர மறுத்ததால் மக்கள் ஆற்றுக்குள் கம்பங்கள் நட்டுத் தங்களுக்கென ஒரு தீவை உண்டாக்கிக்கொண்டார்கள் என்று கதை சொல்வார்கள். வெளிச்சுவர் முழுக்க ஓவியம். அதில் ஒரு குட்டி தேவதையின் கால் மட்டும் சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓவியத்தில் சிற்பமாக ஒட்டிய கால் அது. குழந்தைகளோடு போனால் தேடச் சொல்லுங்கள்.

குன்றின்மேல் இருக்கும் பேராலயத்தில் எல்லோரும் குதிரை வீரன் சிலையைப் பார்க்கப் போவார்கள். 13-ஆம் நூற்றாண்டுச் சிலை, அதையும் பாருங்கள். ஆனால் இரண்டாம் ஹைன்ரிஷ் பேரரசர், அவர் மனைவி குனிகுண்டே இருவரின் கல்லறையைச் சுற்றி மெதுவாக ஒரு வலம் வாருங்கள். செதுக்கியவர் டில்மன் ரீமன்ஷ்னைடர். ஒரு பக்கத்தில் தூங்கும் பேரரசரின் உடலிலிருந்து துறவி ஒருவர் சிறுநீர்க் கல்லை எடுக்கிறார். இன்னொரு பக்கத்தில் கற்பின்மேல் பழி சுமத்தப்பட்ட குனிகுண்டே, பழுக்கக் காய்ச்சிய ஏர்க்கொழுக்கள்மேல் வெறுங்காலோடு நடக்கிறாள். முதல்முறை பார்த்தபோது சீதையின் தீக்குளிப்பு நினைவுக்கு வந்து, அங்கிருந்து நகர முடியவில்லை.

சரி, பியர். பாம்பெர்க்கின் புகை பியரை முதல் வாய் குடித்துவிட்டு முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முளைகட்டிய பார்லியைப் பீச் மரக்கட்டை நெருப்பில் உலர்த்துகிறார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறி, பியரிலும் அப்படியே வந்துவிடும். பழைய காலத்தில் நெருப்பில் உலர்த்திய தானியத்தில் செய்த எந்த பியரிலும் கொஞ்சம் புகை வாசம் இருந்திருக்கும். புகை படாமல் உலர்த்தும் அடுப்புகள் வந்ததும் மற்ற ஊர்கள் மாறிவிட்டன. இங்கே ஷ்லெங்கர்லா, ஷ்பெட்சியால் என்ற இரண்டு ஆலைகளும் பழைய முறையை விடவில்லை. ஷ்லெங்கர்லாவில் மரப்பீப்பாயிலிருந்தே ஊற்றித் தருவார்கள், கருப்பாக, நுரையோடு. ஒரு கிளாஸோடு முடிவு செய்துவிடாதீர்கள் என்பது உள்ளூர்க்காரர்களின் அறிவுரை. இரண்டாவதில் புகை பின்வாங்கி, தானியத்தின் சுவை மேலே வருவதை நானும் உணர்ந்திருக்கிறேன். கூடவே பாம்பெர்க் வெங்காயம் கேளுங்கள். முழு வெங்காயத்தைக் குடைந்து, பன்றிக் கொத்துக்கறி அடைத்து வேகவைத்து, புகை பியர் சேர்த்த குழம்போடு தருவார்கள். தொட்டுக்கொள்ள மசித்த உருளைக்கிழங்கு. ஊருக்குள்ளேயே காய்கறி பயிரிடும் தோட்டக்காரக் குடும்பங்கள் இன்னும் இருக்கும் ஊர் இது. அதனால் வெங்காயம் இங்கே ராஜா.

நியூரம்பெர்க் பெரிய ஊர், ஒரு நாள் முழுக்க நடக்கலாம். 1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் பழைய நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. கோட்டையும் தேவாலயங்களும் சீர்படுத்தி எழுப்பியவை. நாஜித் தலைவர்களை விசாரித்த 600-ஆம் எண் நீதிமன்ற அறைக்கு அவசியம் போங்கள். அங்கிருந்து வெளியே வந்தபின் எனக்குப் பேசப் பிடிக்காது.

இந்த ஊரின் சாசேஜ் விரல் நீளம்தான், ஏழிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர். மருக்கொழுந்துபோல மணக்கும் மார்ஜொரம் இலை போட்டது. நகர எல்லைக்குள் தயாரித்தால்தான் அந்தப் பெயரில் விற்க முடியும், ஐரோப்பியச் சட்டம் அப்படி. தெருவில் ஒரு பன்னுக்குள் மூன்று வைத்துத் தருவார்கள். கடுகு விழுது நிறைய தடவிக்கொள்ளுங்கள்.

இனிப்பு என்றால் லெப்கூகன். பேரரசின் காட்டிலிருந்து தேன், வெனிஸ் வழியாகக் கீழை நாடுகளின் கிராம்பு, ஏலம், இஞ்சி. இரண்டும் சேர்ந்த சந்தை இது என்பதால் இங்கே செழித்த பண்டம். எலீசன் லெப்கூகன் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். அதில் கால் பங்காவது பாதாம், வால்நட் போன்ற பருப்புகள் இருந்தாக வேண்டும், மாவு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாயில் வைத்தால் வித்தியாசம் தெரியும். அந்த மசாலா வணிகத்தின் சுவட்டை ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். 1492-ல் மார்ட்டின் பெஹைம் செய்வித்த, இன்று நம்மிடம் இருப்பவற்றில் மிகப் பழைய பூமி உருண்டை அங்கே இருக்கிறது. கொலம்பஸ் இன்னும் திரும்பி வராத நேரம், அதனால் அதில் அமெரிக்கா இல்லை. கிழக்குத் தீவுகளின் மசாலாப் பொருள்கள் எத்தனை கை மாறி இங்கே வருகின்றன என்ற நீண்ட குறிப்பு மட்டும் இருக்கிறது.

ரோத்தன்பர்க் பற்றிக் கேட்பீர்கள். அழகான மதில், அழகான தெருக்கள். பகலில் நெரிசல் அதிகம், மாலையில் போங்கள். அங்கே எல்லா ஜன்னலிலும் அடுக்கியிருக்கும் பனிப்பந்து என்ற பண்டம் மாவு நாடாக்களைச் சுருட்டிப் பொரித்தது, எனக்குச் சுவைக்கவில்லை.

மீன் பிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நியூரம்பெர்க்குக்கும் பாம்பெர்க்குக்கும் மேற்கே ஐஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கெண்டைக் குளங்கள் ஏராளம். மீனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மாவில் புரட்டி, எண்ணெயில் முக்கிப் பொரிப்பார்கள். தட்டை விட்டு வெளியே வளைந்து நிற்கும் அரை மீன். துடுப்பும் வாலும் மொறுமொறுவென்று உடையும், முதலில் அதைத்தான் சாப்பிட வேண்டும். பக்கத்தில் காடியும் சூப்பும் ஊற்றிய உருளைக்கிழங்கு சாலட். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் கிடைக்கும், கோடையில் கேட்காதீர்கள்.

போக்குவரத்துக்கு பவேரியா டிக்கெட் போதும். மாநிலம் முழுக்க உள்ளூர் ரயில்களில் ஒரு நாள் செல்லும், ஐந்து பேர்வரை சேர்ந்து எடுக்கலாம். வேலை நாள்களில் காலை ஒன்பது மணிக்குமேல்தான் ஏற முடியும். பழைய உணவகங்கள் பல வாரத்தில் ஒரு நாளாவது மூடியிருக்கும், மதியச் சமையல் இரண்டு மணியோடு நிற்கும் இடங்களும் உண்டு. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் நல்லது என்று கேட்டால் ஏப்ரல் கடைசி என்பேன். கெண்டைக் காலம் முடியும் தறுவாய், வெள்ளை அஸ்பாரகஸ் சந்தைக்கு வந்திருக்கும், வூர்ட்ஸ்பர்க் பாலத்தில் வெயிலும் அடிக்க ஆரம்பித்திருக்கும்.