தொட்டிக்குள் கடல்: சித்திரை, வைகாசிக் குறிப்புகள்

2025 ஏப்ரல் 6

விடிய ஐந்தரைக்கு லைற் போட்டபோது என் கடல்மீன் தொட்டியில் கோமாளி மீன் இரண்டும் மேல்மட்டத்தில் வாய் வைத்தபடி நின்றன. செவுள் அடிக்கிற வேகத்தைப் பார்த்ததும் பயம் பிடித்துவிட்டது. மீன் கழிவில் இருந்து வருகிற நஞ்சுகள் இரண்டும் இல்லை: அமோனியா 0, நைத்திரைற் 0. வெப்பமானி 31 பாகை. டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது: ஆறின பால்தேத்தண்ணியில் ஆடை படிகிற மாதிரி தண்ணிக்கு மேலே ஒரு மெல்லிய படலம். போன மாதம் மணலில் தங்கின அழுக்கைக் கிளப்பவென்று அலைமோட்டர்கள் இரண்டையும் கீழ்நோக்கித் திருப்பினன். அப்படியே விட்டிருக்கிறன்.

ஒட்சிசன் தண்ணிக்குள் இறங்குவது மேற்பரப்பால்தான். அது அசையாமல் கிடந்தால் கீழே எவ்வளவு ஓட்டம் இருந்தும் போதாது. கடல்நீர் 25 பாகையில் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் அளவில்தான் ஒட்சிசனைத் தாங்கும். நல்லதண்ணி என்றால் 8க்கு மேல். 31 பாகையில் கடல்நீரின் அளவு 6ஐ ஒட்டி இறங்கிவிடும். இரவில் பாசியும் மூச்சு விடுவதால் விடியப்புறம்தான் ஆகக் குறைவு.

ஒரு மோட்டரைக் கழற்றி, பஞ்சைக் கழுவி, தண்ணி மேலே சுருக்கம் விழுகிற மாதிரித் திருப்பிவிட்டன். அரைமணித்தியாலத்தில் இரண்டும் கீழே இறங்கிவிட்டன.

ஏப்ரல் 8

உப்புமானியில் 1.029 (நல்லதண்ணியின் கனம் 1 என்றால் இந்தத் தண்ணியின் கனம்). இருக்க வேண்டியது 1.025. வத்தின தண்ணிக்குப் பதிலாக இவ்வளவு நாளும் கடல்தண்ணியையே ஊற்றியிருக்கிறன். ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். ஆனையிறவு உப்பளத்தில் வெயில் செய்கிற வேலையை என் தொட்டிக்குள் நான் செய்திருக்கிறன்.

உப்பை ஒரே நாளில் இறக்கினால் மீன் தாங்காது. ஒரு நாளைக்கு 0.001 வீதம், நாலு நாள். ஊற்றுவதற்கு ஆர்ஓ தண்ணி, அதாவது கரைந்த உப்புகளையும் வடித்தெடுத்த தண்ணி, வாங்கினன். கிணற்றுத்தண்ணியை ஊற்ற மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கட வலிகாமத்து நிலம் சுண்ணாம்புக்கல். சுற்றிவர வெங்காயம், புகையிலைத் தோட்டங்கள். போட்ட பசளையெல்லாம் கல்லுக்குள்ளால் இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் நிற்குது.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. சூரியன் இந்த நாட்களில் எங்கட உச்சந்தலைக்கு நேரே நிற்குது. தொட்டிக்கு மேலே சின்ன மேசைவிசிறியைப் பிடிக்க 31 பாகை 28.5க்கு வந்தது. ஆனால் நாளுக்கு இரண்டு லீற்றருக்கு மேல் வத்துது. கண்ணாடியில் பேனையால் கோடு கீறி, காலை மாலை அந்தக் கோடு வரைக்கும் ஆர்ஓ தண்ணி ஊற்றுறன்.

மருத்துநீர் (வருடப்பிறப்புக்குத் தலையில் வைக்கிற மூலிகைத்தண்ணி) வைத்து முழுகின கையோடு தொட்டிக்குள் கை விடவேண்டாமென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டன். பலகாரம் பொரிக்கையில் குசினிக் கதவையும் சாத்தச் சொன்னன். எண்ணெய்ப்புகை அந்தப் படலத்தில்தான் வந்து சேரும்.

ஏப்ரல் 23

நேற்று இரவு ஒன்றரைக்குக் கரண்ட் போனது. மூன்று மணித்தியாலம். கரண்ட் போனால் தானாக ஓடுகிற பற்றரிக் காற்றுமோட்டர் உடனே தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு அம்மா எழும்பி வந்தா, கையில் செம்போடு.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது எங்களிடம் பற்றரியும் இல்லை, ஒன்றுமில்லை. அன்றைக்கு, “தம்பி, நீ வேலைக்குப் போறனி, போய்ப் படு” என்று என்னை அனுப்பிவிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கொஞ்சநேரத்துக்கு ஒருக்கால் செம்பால் தண்ணியை அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டே இருந்தா. மூன்று மீனும் தப்பினதுகள்.

பிறகு கொன்றது நான்தான். மூடின வடிகட்டிக்குள் அவ்வளவு நேரமும் தண்ணி ஓடாமல் நின்றிருக்கு. அமோனியாவைத் தின்கிற பக்ரீரியாவுக்கும் ஒட்சிசன் வேணும். அது செத்து அழுகின தண்ணியை, கரண்ட் வந்த கையோடு சுவிச்சைப் போட்டு நேரே தொட்டிக்குள் அனுப்பிவிட்டன். பின்னேரத்துக்குள் மூன்றும் போய்விட்டுது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதைத்தான் என்னால் மறக்க ஏலாமல் கிடக்கு.

இந்த முறை கரண்ட் வந்ததும் வடிகட்டியின் பிளக்கைக் கழற்றி, உள்ளிருந்த தண்ணியை வெளியே ஊற்றி, பஞ்சைத் தொட்டித்தண்ணியிலேயே அலசிப் போட்ட பிறகுதான் ஓடவிட்டன்.

மே 4

பருத்தித்துறைப் பக்கம் போய் 20 லீற்றர்க் கான் மூன்றில் கடல்தண்ணி எடுத்துவந்தம். கீரிமலை கிட்டத்தான், ஆனால் அங்கே கரையோரத்தில் நன்னீர் ஊற்றுக் கலக்கும். குடாநீரேரித் தண்ணி மாரிக்கு ஒரு உப்பு, கோடைக்கு இன்னொரு உப்பு. துறைமுகத்தையும் வள்ளங்கள் நிற்கிற இடத்தையும் விட்டு விலகி அள்ளி, இரட்டைத் துணியில் வடித்து, இருட்டில் காற்றோட்டம் கொடுத்து வைத்திருக்கிறன். தொட்டிக்குள் வைக்கவென்று கல்லுப் பொறுக்கவில்லை. பவளப்பாறையில் கை வைப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, அது கடலுக்கே தேவைப்படுகிற வீடு.

மே 17

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பிவிட்டுது. யன்னலைத் திறந்தால் விசிறி பகலில் மட்டும் போதும். தொட்டி 160 லீற்றர். இரண்டு மோட்டரும் சேர்ந்து மணிக்கு 2400 லீற்றர் தள்ளும், அதாவது தொட்டித்தண்ணி முழுவதுக்கும் 15 சுற்று. ஒன்றின் ஓட்டம் மேலே, மற்றது கல்லுக்குப் பின்னால். இரண்டையும் வினாகிரியில் ஊறப்போட்டுச் சுண்ணாம்பை எடுத்தன். உப்பு 1.025, நைத்திரேற் 10.

காற்றுமோட்டரின் பற்றரி இரண்டு மணித்தியாலத்திலேயே சோருது. நாளைக்குப் புதுசு வாங்கவேணும். அதுவரைக்கும் செம்பு தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறா.