பாலை நிலப் பேச்சுகள்: டூசான் நாட்குறிப்பு

ஜனவரி 11

அரிசோனாவின் வட்டார வரலாற்றுப் பேச்சுகளுக்கு அட்டவணை போடும்போது அரங்கு எப்போது காலி என்று பார்ப்பதற்கு முன் பருவத்தைப் பார்க்க வேண்டும். இப்பகுதியின் பழங்குடியினரான தொஹோனோ ஓதாம் மக்களின் படைப்புக் கதைகள், மூத்தவர் ஈதோயின் கதைகள், குளிர்காலத்தில்தான் சொல்லப்படும். பாம்புகள் வளைக்குள் அடங்கிக் கிடக்கும் காலம் அது. வடக்கே நவஹோ மக்களும் கொயோட்டி (ஓநாய் இன விலங்கு) கதைகளையும், விரல்களில் கயிறு கோத்து உருவம் காட்டும் விளையாட்டையும் குளிர்காலத்துக்கென்றே வைத்திருக்கிறார்கள். இடம் கிடைக்கவில்லை என்று கதை இரவை ஏப்ரலுக்குத் தள்ளினால், சொல்லக் கூடாத நேரத்தில் ஒரு பெரியவரைச் சொல்லவைத்த பழி நமக்கு வரும்.

பதிவு செய்யலாமா என்று அழைக்கும்போதே கேட்டுவிட வேண்டும். மேடையில் வைத்துக் கேட்டால் மறுப்பது அவருக்குச் சங்கடம். கூடாது என்றால் வாசலில் அறிவிப்பு ஒட்டி, அரங்கத்தின் சொந்தக் கேமராவையும் நிறுத்த வேண்டும். அதைத்தான் பெரும்பாலும் மறந்துபோகிறார்கள். சன்மானத்தை அன்று மாலையே கையில் கொடுப்பது முறை. தொஹோனோ ஓதாம் மக்களின் தலைநகரான செல்ஸ் இங்கிருந்து ஏறக்குறைய 95 கி.மீ. பெட்ரோல் செலவைத் தனியாகத் தர வேண்டும்.

ஜனவரி 26

ஸ்லைடுகளில் சொல் திருத்தம். ‘பப்பாகோ’ என்ற பழைய பெயரைத் தொஹோனோ ஓதாம் மக்களே 1986இல் தங்கள் அரசியல் சாசனத்தில் விட்டுவிட்டார்கள். வரைபடத்தில் மட்டும் அது தங்கிவிடுகிறது. ‘அனசாசி’, வடக்கே கல்வீடு கட்டி வாழ்ந்த பழங்கால மக்களுக்கு வழங்கும் நவஹோச் சொல். ‘எதிரிகளின் முன்னோர்’ என்று பொருள் கொள்ளப்படுவதால் புவெப்லோ இனத்தாரான ஹோப்பி, சூனி மக்கள் தங்கள் பாட்டன் பூட்டனுக்கு அந்தப் பெயரை ஏற்பதில்லை. மூதாதைப் புவெப்லோ மக்கள் என்றே எழுதலாம். ‘ஹோஹோகம்’, தென் அரிசோனாவின் பழங்கால வேளாண் மக்களுக்குத் தொல்லியலாளர் வழக்கு. ஓதாம் மொழியில் ஹுஹுகம், அவர்களின் முன்னோர். ‘மர்மமாக மறைந்த இனம்’ என்று மேடையில் சொல்லும்போது அந்த இனத்தின் பேரப்பிள்ளைகள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

படங்களில் புதைகுழிப் பொருள் எதுவும் வேண்டாம். பாறைச் செதுக்கல் படம் என்றால் கோப்பில் ஒட்டியிருக்கும் இடக்குறிப்பை அழிப்பது மட்டும் போதாது. பின்னணி மலைமுகட்டின் கோட்டை வைத்தே இடத்தைப் பிடித்துவிடுவார்கள். அதையும் வெட்டிவிட வேண்டும்.

பிப்ரவரி 15

ஃபீனிக்ஸ் பள்ளத்தாக்கின் பழைய வாய்க்கால்கள் பற்றிய பேச்சு. சால்ட் ஆற்றிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு ஹுஹுகம் மக்கள் வெட்டியவை. குத்துக்கோலும் கல் மண்வெட்டியும் கூடையும்தான் கருவி. சக்கரமில்லை, இழுக்க மாடில்லை. 1867இல் ஜாக் ஸ்வில்லிங் இந்தத் தடங்களைத் தூர்வாரியே தண்ணீர் கொண்டுவந்தார். அதிலிருந்து எழுந்ததுதான் ஃபீனிக்ஸ் நகரம்.

இந்தப் பேச்சின் உயிர், வாய்க்காலின் வாட்டம், அதாவது சரிவு. மைலுக்கு 1 முதல் 2 அடி இறக்கம், அவ்வளவுதான். கூடினால் தண்ணீர் கரையை அரித்துக்கொண்டு போகும். குறைந்தால் வண்டல் படிந்து வாய்க்கால் மேடாகும். கிளைகளுக்குத் தண்ணீர் பிரியப் பிரிய முதன்மை வாய்க்காலைப் படிப்படியாகக் குறுக்கிக்கொண்டே போனார்கள். அகலம் அப்படியே இருந்தால் கடைமடையில் நீரோட்டம் தளர்ந்து வண்டல் தங்கிவிடும்.

மணல் தட்டு வைத்துக் காட்டுகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2 மீட்டர் தட்டில் உண்மையான வாட்டம் 0.4 முதல் 0.8 மி.மீ. கண்ணுக்கே தெரியாது. தெரிவதற்காக ஒரு முனையை 4 செ.மீ. தூக்கினால் அது 50 முதல் 100 மடங்கு மிகை. அதைச் சொல்லாமல் விட்டால் வாய்க்கால் மலைச்சரிவில் ஓடியதாகக் கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தட்டைவிட டியூப் லெவல் நல்லது. நிறமில்லாத குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றி அரங்கத்தின் இரு கோடியிலும் இருவர் பிடித்தால் மட்டம் தெரியும். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய்யாகும். முதலில் தட்டித்தட்டி வெளியேற்ற வேண்டும். இப்படியொரு குழாயும் இல்லாமல், ஓடும் தண்ணீரையே மட்டமாகக் கொண்டு அந்த மக்கள் வாட்டம் பிடித்திருக்கலாம் என்பதை அதன்பிறகு சொன்னால் அரங்கம் கவனித்துக் கேட்கும்.

மார்ச் 8

மர வளையம். அதை வைத்து ஆண்டைக் கணிப்பது வானியலாளர் ஏ. இ. டக்ளஸ் டூசானில் வளர்த்த கலை. பல்கலைக்கழகத்தில் அதற்கான ஆய்வகம் 1937இல் எழுந்தது. உயிர் மரங்களிலிருந்து பின்னோக்கிப் போன வரிசை ஒன்று, பழைய இடிபாடுகளின் உத்திரங்கள் தந்த வரிசை இன்னொன்று, நடுவே இடைவெளி. 1929 ஜூன் 22 அன்று ஷோ லோ ஊரில் கிடைத்த கருகிய கட்டை, எச்.எச்.39, இரண்டையும் இணைத்தது. அதன் வளையங்கள் 1237 முதல் 1380 வரை. நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் இருக்கும் பெரிய இடிபாடான புவெப்லோ பொனீட்டோவுக்கு உறுதியான ஆண்டுகள் கிடைத்தது அதன்பிறகுதான்.

பயிற்சிக்கு 2 மி.மீ. கட்டத்தாளை நீளநீளமாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கட்டம் ஓர் ஆண்டு. பக்கத்து வளையங்களைவிடக் குறுகியதற்கு மட்டும் கோடு. எவ்வளவு குறுகலோ அவ்வளவு நீளம். சராசரி வளையத்துக்கு எதுவும் வேண்டாம். பிறகு இரண்டு தாள்களை ஒன்றின்கீழ் ஒன்றாக நகர்த்திக் கோடுகள் ஒத்துப்போகும் இடத்தைத் தேட வேண்டும். நகல் எடுக்கும் இயந்திரம் தாளுக்கேற்றபடி அளவைச் சுருக்கிவிட்டால் எதுவும் பொருந்தாது; 100 சதவீதம் என்று பார்த்து அச்சிட வேண்டும். மரத்துண்டைச் சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி 400 எண் வரை தேய்க்காவிட்டால் குறுகிய வளையம் கண்ணுக்குத் தப்பிவிடும். கடும் வறட்சியில் வளையமே விழாத ஆண்டும் உண்டு. அதனால்தான் எண்ணுவது போதாது, ஒப்பிட வேண்டும்.

கடைசி வளையம் மரம் வெட்டிய ஆண்டையே சொல்லும், அதுவும் பட்டை இருந்தால். வீடு கட்டிய ஆண்டு வேறாக இருக்கலாம். பழைய உத்திரத்தை யாரும் வீணாக்குவதில்லை. மரம்போல உயர்ந்து நிற்கும் சகுவாரோ கள்ளிக்கு மட்டும் ஆண்டு வளையம் கிடையாது.

ஏப்ரல் 12

டூசானை ஒட்டிய சான் சேவியர் டெல் பாக் தேவாலயம். 1783 முதல் 1797 வரை செங்கல்லில் கட்டியது. கிழக்குக் கோபுரம் இன்றும் முடியாமலே நிற்கிறது. இது ஓதாம் மக்களின் வழிபாட்டிடம், பூசை நேரத்தில் கூட்டத்தை உள்ளே அழைத்துப்போகக் கூடாது.

வெளிச்சுவரின் பூச்சைக் காட்டிப் பேச நிறைய இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் பூசிய சிமெண்டில் மயிரிழை வெடிப்புகள் விழுந்தன. அவற்றின் வழியே உள்ளே போன மழைநீரைச் செங்கல் குடித்துக்கொண்டது. சிமெண்ட் அதை ஆவியாக வெளியே விடவில்லை. உள்ளே ஓவியங்கள் உரியத் தொடங்கின. மறுசீரமைப்பில் சிமெண்டைக் கொத்தியெடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்துக்கே திரும்பினார்கள். அதில் சப்பாத்திக்கள்ளிச் சாறு சேர்கிறது (நம் ஊர் வேலியோரக் கள்ளிக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தான்). மடலை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்தால் கொழகொழவென்று வரும் சாற்றை வடிகட்டி, நீர்த்த சுண்ணாம்பிலும் மணலிலும் கலக்க வேண்டும். நார் தங்கினால் பூச்சில் துளை விழும்.

மே 10

வெயில் ஏறிவிட்டதால் வெளிநடைகளை இன்றோடு நிறுத்தியாயிற்று. இனி எல்லாம் அரங்கத்துக்குள்.

ஜூன் 24

பழக்காலம். ஓதாம் குடும்பங்கள் சகுவாரோ அறுவடையில் இருக்கும். அவர்களை இந்த வாரங்களில் பேச அழைப்பதே தவறு. துரட்டிக்கோலும் அந்தக் கள்ளியின் உடலிலிருந்தே வருகிறது: பட்டுப்போனதின் விலா எலும்பு போன்ற கழிகளை நீட்டிக் கட்டி, நுனியில் சாய்வாக ஒரு குறுக்குக்குச்சி. பழத்தின் முனையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பூவின் அடிப்பாகம் கத்திபோலக் கூர்மையானது. அதாலேயே தோலைக் கீறிச் சதையை வழித்துக்கொள்வார்கள். வெறுந்தோலைச் சிவந்த உட்புறம் வானத்தைப் பார்க்கும்படி தரையில் வைப்பார்கள். மழைக்கான வேண்டுதல் அது.

சதையைத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, விதையையும் நாரையும் வடிகட்டிவிட்டு, சாற்றை மறுபடி காய்ச்சிப் பாகாக்க வேண்டும். முடியும் தறுவாயில் தீயைக் குறைக்காவிட்டால் அடிப்பிடித்துக் கசந்துவிடும். பாகைப் புளிக்கவைத்து நடத்தும் மழைச்சடங்கு பேச்சுக்கான பொருளல்ல, அது அவர்களுடையது.

ஜூலை 19

மழை இறங்கிவிட்டது, இனி இந்தப் பாலை நிலத்துப் பயறான டெப்பரியின் முறை. ஓடை விரிந்து பரவும் வாய்ப்பகுதியில் வெள்ளம் நனைத்த மண்ணில் விதைப்பார்கள். ஓரிரு நல்ல மழை போதும். தண்ணீர் மிஞ்சினால் கொடி இலையாகத் தழைக்கும், காய் பிடிக்காது.

ருசி காட்டச் சமைப்பதென்றால் 1 கப் பயறை இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் 4 கப் தண்ணீரில் சிறுதீயில் 2 முதல் 4 மணி நேரம். வேகமான தீ தோலை மட்டும் பிளக்கும், உள்ளே வேகாது. பல வருடம் கிடந்த பயறு எவ்வளவு கொதித்தாலும் கல்போலவே இருக்கும். எந்த வருட அறுவடை என்று கேட்டு வாங்க வேண்டும். வெந்த பிறகு உப்பு, வேறெதுவும் வேண்டாம். வெள்ளையையும் பழுப்பையும் தனித்தனிக் கிண்ணத்தில் கொடுத்தால்தான் பழுப்பின் மண்வாசம் தெரியும்.