பீருக்கும் கிரேடு, பாட்டுக்கும் கிரேடு

பழைய கிழக்கு ஜெர்மனியில் உணவகக்காரர் நினைத்தால் பீர் விலையை ஏற்றிவிட முடியாது. ஒவ்வொரு உணவகத்துக்கும் அரசு ஒரு விலை கிரேடு ஒதுக்கியிருக்கும். மெனு அட்டையிலேயே அது அச்சாகியிருக்கும். அதே பீர், உயர்ந்த கிரேடு உணவகத்தில் கூடுதல் காசு.

சரி, விலை ஏறாது. உள்ளே இடம் கிடைக்கணுமே! மேசை காலியாகக் கிடந்தாலும் வாசலில் "காத்திருங்கள், இடம் காட்டுவோம்" என்று பலகை. நாமாகப் போய் உட்கார்ந்தால் சர்வர் முறைப்பார். பில்லில் தெரியாத தட்டுப்பாடு கியூவில் தெரிந்தது, அவ்வளவுதான்.

அங்கே மேடையேறி இசை வாசிப்பவர்களுக்கும் இதே கதை. ஒரு கமிட்டி முன்னால் வாசித்துக் காட்டணும். அது தரம் போட்டு அனுமதி தரும். சம்பளமும் அந்தத் தரத்தைப் பொறுத்தே. 1958 ஆணைப்படி வாசிப்பதில் குறைந்தது 60 சதவீதம் சோஷலிச நாட்டுப் பாட்டு, மேற்கத்திய சரக்கு மிச்ச 40 மட்டும். ஆட வந்த இளசுகளுக்கு வேண்டியது என்னவோ அந்த நாற்பதுதான்!

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், ரென்ஃப்ட் என்ற கிழக்கு ஜெர்மானிய ராக் இசைக்குழுவுக்கு நடந்தது. 1975 செப்டம்பரில் லைப்சிக் நகரில் கமிட்டி முன் போய் நின்றார்கள். வாசிக்கவே விடவில்லை. பாட்டு வரிகள் தொழிலாளி வர்க்கத்தை அவமதிக்கின்றனவாம். தடை என்றுகூடச் சொல்லவில்லை. இனி உங்கள் குழுவே கிடையாது என்றார்கள். வரிகள் எழுதிய கெருல்ஃப் பன்னாக் அடுத்த வருடம் கைது. 1977இல் மேற்கு பெர்லினுக்கு அனுப்பிவிட்டார்கள்.