சபருக்குப் பெட்டி கட்டுமுன் போனைக் கொஞ்சம் பாருங்கள்

ராமநாதபுரம் கரையில் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் ஒருவர் சபருக்கு, அதாவது வெளிநாட்டுப் பயணத்துக்குக் கிளம்பினால் பெட்டியைத் தூக்கி எடை பார்க்க நாலு பேர் வருவார்கள். போனையும் மற்ற வயர்லெஸ் சாமான்களையும் பற்றிச் சொல்லத்தான் ஆள் இருக்காது.

போன் ஆனில் இருந்தால் விமானம் விழுந்துவிடும் என்பது சும்மா பேச்சு. அமெரிக்காவில் பறக்கும்போது செல்போன் கூடாது என்று 1991-ல் விதி போட்டது அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம். அதன் கவலை தரையில் இருக்கும் டவர்களைப் பற்றியது. தனுஷ்கோடி முனையில் நின்றால் போன் தானாக இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கிறதல்லவா? நடுவில் வெறும் கடல்தான், மறைக்க ஒன்றுமில்லை. (இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரமும் மாறாது. பில் வந்த பிறகுதான் தெரியும்.) விமானத்தில் எல்லாத் திசையும் அப்படித்தான். ஒரே போன் ஏகப்பட்ட டவர்களுக்குக் கேட்கும், ஒன்றிலும் நிலைக்காது, எல்லாவற்றிலும் இரைச்சல் போடும். டவர் எட்டாதபோது போன் தன் சக்தியை முழுதாகக் கூட்டிக் கத்தும், பேட்டரியும் வற்றும்.

இன்னொரு காரணம் விமானியின் காது. பெரியவர்கள் வைத்திருக்கும் 2ஜி பட்டன் போனை ரேடியோ ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். மணி அடிக்குமுன்பே ‘டிட்டிடிட் டிட்டிடிட்’ என்று ஸ்பீக்கர் உறுமும். அந்த போன் நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்புவதால் வரும் சத்தம் அது. 900 மெகாஹெர்ட்ஸில் அதன் உச்ச சக்தி 2 வாட். இறங்கும் நேரத்தில் தரைக் கட்டுப்பாடு சொல்லும் எண் விமானியின் ஹெட்செட்டில் அந்த உறுமலுக்குள் மூழ்கிவிடக் கூடாது.

பட்டன் போன் பலவற்றில் பிளைட் மோடு கிடையாது. அணைத்துவிடுவதுதான் வழி. அணைத்தாலும் சில மாடல்களில் அலாரம் அடித்து, போனை ஆன் செய்யவா என்று கேட்கும். இல்லை என்று அமுக்க வாப்பாவுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஸ்மார்ட்போனில் வரிசை முக்கியம். முதலில் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். விசா, டிக்கெட், போய்ச்சேரும் இடத்து முகவரி மூன்றையும் நெட் இல்லாமல் திறக்கிற மாதிரி சேமியுங்கள். பிறகு பிளைட் மோடு. அதற்குப் பிறகு புளூடூத்தை மட்டும் ஆன் செய்து இயர்பட்ஸ் போட்டுக்கொள்ளலாம். பிளைட் மோடில் போனைப் பயன்படுத்த இந்தியாவில் 2014-லிருந்தே அனுமதி உண்டு. வைஃபை இருக்கிற விமானத்திலும் கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்த பிறகுதான் அது கிடைக்கும்.

பிளைட் மோடு போடாமல் விட்டால் வேறொரு செலவும் உண்டு. வளைகுடா விமானங்கள் சிலவற்றில் உள்ளேயே குட்டி டவர் இருக்கும். போன் அதைப் பிடித்துக்கொண்டு பின்னணியில் வாட்ஸ்அப் படங்களை இறக்கும். அதற்கான கட்டணம் சாதாரண ரோமிங் பேக்கில் பெரும்பாலும் அடங்காது.

போன் சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டை அசைக்காதீர்கள். உலோகத்துக்கு நடுவே நசுங்கினால் பேட்டரி புகையலாம். பணியாளரைக் கூப்பிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 20-ஐ பேட்டரியின் வோல்ட் 3.7-ஆல் பெருக்கி 74 வாட்-அவர். 100 வரை சரி. 30,000 என்றால் 111, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். எமிரேட்ஸில் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான், அதையும் உள்ளே பயன்படுத்தக் கூடாது.

நம் கரைக்கென்றே உள்ள விஷயம் படகு செட், அதாவது கடலில் பேசிக்கொள்ளும் ரேடியோ. கையடக்க வி.எச்.எப். செட் 5 வாட் வரை அனுப்பும், போனைவிட அதிகம். கடலில் ஆபத்துக்குக் கூப்பிடும் 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், விமானிகள் பேசுவது 118 முதல் 137 வரை, பக்கத்து வீடு மாதிரி. ஆனில் இருக்கும் செட்டில் பெட்டிக்குள் பேசும் பொத்தான் அமுங்கிக் கிடந்தால் அனுப்பிக்கொண்டே இருக்கலாம், சூடாகும். பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். செட்டுக்கு உரிமமும் வேண்டும்.

அதைவிடப் பெரிய வம்பு சாட்டிலைட் போன். துபாயில் துரையா நிறுவனத்தின் போன் கடையிலேயே கிடைக்கும். கடலுக்குப் போகிற மச்சானுக்கு உதவுமே என்று வாங்கிவிடாதீர்கள். இந்தியாவில் துரையாவும், இரிடியம் என்ற இன்னொரு நிறுவனத்தின் போனும் கூடவே கூடாது. தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதியோடு இன்மார்சாட் நிறுவனத்தின் போன் மட்டும்தான். அணைத்து, சிம் கழற்றி, பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாலும் வைத்திருப்பதே குற்றம். சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் சின்ன ஜிபிஎஸ் கருவிகளுக்கும் இதே கதிதான். ஸ்கேனரில் தெரிந்தால் விசாரணை போலீஸ் வரை போகும், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது.