சிவப்பு மையில் ஒரு கிண்டல்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் கட்டுரை நோட்டைத் திருத்தினேன். கோழி கிளறியதுபோல் இருந்தது. எரிச்சலில், 'அடடா, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது!' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டேன். மறுநாள் ஓடிவந்தான்: "டீச்சர், எங்கம்மா நோட்ட சாமி படத்துக்கு முன்னாடி வெச்சாங்க!"

அவனுக்குக் கிண்டல் தெரியாமல் இல்லை. "வாங்க துரை, தூக்கம் போதுமா?" என்று அம்மா கேட்டால் பாயைச் சுருட்டிவிடுவான். அங்கே குரலின் இழுவை இருக்கிறது, இடுப்பில் வைத்த கை இருக்கிறது. நோட்டில் ஓர் ஆச்சரியக்குறிதான். அது பாராட்டுக்கும் வரும்.

இப்படிப் புகழ்வதுபோல் இகழ்வதற்குப் பாடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று பெயர். 'தேவர் அனையர் கயவர்' என்று குறளைக் கொடுத்தால் அணியின் பெயரைப் பட்டென்று எழுதிவிடுவார்கள். அதே கையோடு, "தேவர் மாதிரின்னா கயவர் நல்லவங்கதானே மிஸ்?" என்றும் கேட்பார்கள்.

புறநானூற்று 95ஆம் பாட்டு இன்னும் சிக்கல். அதியமானுக்காகத் தூதுபோன ஔவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். இவை மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுக்குள் இருக்கின்றன. எங்கள் தலைவனின் வேலோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்கிறாள் ஔவை. பல வருஷம் இதை நான் இழுத்து இழுத்து, கண்ணை உருட்டிப் படித்துக் காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். என் குரலுக்குத்தான் சிரித்தார்கள் என்பது பரீட்சைத் தாளில் தெரியும்: 'தொண்டைமான் ஆயுதங்களை நன்றாகப் பராமரித்தான்.'

ஒரு வருஷம் ஏற்ற இறக்கமே இல்லாமல், ரேஷன் கடைப் பட்டியல்போல் வாசித்துவிட்டு, "யாரு ஆயுதம் நல்லாயிருக்கு?" என்று மட்டும் கேட்டேன். "தொண்டைமானுது" என்று எல்லாக் கையும் உயர்ந்தன. ஒரு பெண் மட்டும் முணுமுணுத்தாள்: "அறுப்பு முடிஞ்சாத்தான் எங்க அரிவாளுக்கு எண்ணெய் தடவி எறவாரத்துல சொருகுவாங்க. அறுப்பு நேரத்துல அடிக்கடி பட்டறைக்குப் போகும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப தொண்டைமான் சண்டைக்கே போனதில்லையா?" என்றான் கடைசி வரிசையில் ஒருவன். வகுப்பு சிரித்த சிரிப்பில் தலைமையாசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.