பலகைப் படத்துக்கு மதிப்புப் போடக் கற்றுக்கொண்டேன்

அப்பத்தா போன மறுவருஷம் பாகப் பிரிவினை பேசினோம். நிலமும் நகையும் இரண்டு நாளில் முடிந்தன. பூஜை அறையில் இருந்த தஞ்சாவூர்ப் படத்தில்தான் பேச்சு நின்றது. கையில் வெண்ணெயோடு தவழும் கிருஷ்ணன், இரண்டடி உயரம். பழம்பொருள் வியாபாரி ஒருவரை வரவழைத்தோம். ஐந்து நிமிஷம் பார்த்தார், ஒரு தொகை சொன்னார், அந்த விலைக்குத் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். மதிப்புச் சொல்கிறவரே வாங்கவும் நின்றால் அந்த மதிப்பை எப்படி நம்புவது? அவர் போன பிறகு சித்தப்பா என்னிடம், "நீ பேங்க்ல நகைக்கடன் பார்க்கிறவதானே, இதையும் கத்துக்கிட்டு நீயே சொல்லும்மா" என்றார்.

அப்படித் தொடங்கியது ஒன்றரை வருஷம் ஓடியது.

நகைப் பழக்கத்தில் நான் முதலில் தங்கத்தைத்தான் பார்த்தேன். படத்தில் ஒட்டியிருக்கும் தங்க ரேக்கு, அதாவது தங்கத் தாள், அவ்வளவு மெல்லியது. அதைச் சுரண்டி எடை போட்டால் படத்தின் மதிப்பில் ஒரு மூலைக்குக்கூட வராது. ரேக்கு உங்களுக்குச் சொல்வது வேறு சங்கதி. நல்ல தங்கம் புகை படிந்து மங்கும், ஆனால் பச்சை பூக்காது. ஓரத்தில் பச்சையோ கறுப்போ ஏறியிருந்தால் அது பித்தளைத் தாளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

விடுமுறை கிடைத்தபோதெல்லாம் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போய் நின்றேன். எதையும் குறிக்காமல் வெறுமனே பார்த்ததுதான் பெரிய படிப்பு. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துப் பாணி கண்ணில் ஏறிய பிறகு, கடைகளில் தொங்கும் புதுப் படங்களின் முகம் தானாகவே தனித்துத் தெரிந்தது.

பழைய படங்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் தன் பட்டறையில் உட்கார விட்டார். எங்கள் படத்தைக் கொண்டுபோன அன்று, சட்டத்தைக் கழற்றியதும் அவர் கிருஷ்ணனைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்து வைத்துவிட்டு, "முதல்ல முதுகைப் பாரும்மா" என்றார். பலகையில் தச்சரின் வாய்ச்சி செதுக்கிய தடம் மேடும் பள்ளமுமாக இருந்தது. ஆணித் தலைகள் ஒன்றுபோல ஒன்று இல்லை, கொல்லன் அடித்தவை. பூச்சி துளைத்த ஓட்டைகள் வட்டமாக, உள்ளே போய் வளைந்தன. "இதே ஓட்டை மேலாக வாய்க்கால் மாதிரி நீளமாத் தெரிஞ்சா, பூச்சி தின்ன பழைய மரத்தை அப்புறம் இழைச்சிருக்காங்கன்னு அர்த்தம். பழைய கதவுல புதுப் படம்!" அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை முகத்தின் மேல் வைத்தேன். பழைய வண்ணத்தில் நூல் நூலாக வெடிப்பு ஓடியது. இடது கன்னத்தில் மட்டும் வெடிப்பே இல்லை. யாரோ பிற்காலத்தில் எனாமல் பெயின்ட் தடவியிருக்கிறார்கள். பாதத்தில் வண்ணம் கரைந்து, அடியில் சுண்ணாம்பு மக்குப் பூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. வீட்டில் பண்டிகைக்குப் பண்டிகை ஈரத்துணியால் துடைத்தது எனக்கே நினைவிருக்கிறது. பிசினில் குழைத்த வண்ணம் தண்ணீர் தாங்காது. தயவுசெய்து யாரும் ஈரத்துணி போடாதீர்கள். உலர்ந்த மென்தூரிகை போதும்.

விலைப் பகுதிதான் என்னைக் குழப்பியது. ஏல நிறுவனங்கள் இணையத்தில் போடும் முடிவுகளை மாதக்கணக்கில் தொகுத்தேன். எதிர்பார்ப்பு விலை வேறு, விற்ற விலை வேறு. விற்ற விலையிலும் வாங்குபவர் தரும் கமிஷன் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். லண்டனில் ஒரு படம் போன விலையைக் காட்டி அத்தை கேட்டார். அந்தப் படம் ஏற்கெனவே அங்கே இருந்தது. நம்முடையது நூறு வருஷம் தாண்டியதென்றால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. ஆகவே வெளிநாட்டு விலை நமக்குப் பொருந்தாது. உள்ளூரில் அதே அளவு, அதே நிலையில் உள்ள படம் என்ன போயிற்று என்பதுதான் கணக்கு. அதுவும் எதற்காக மதிப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. காப்பீட்டுக்கு, தொலைந்தால் இன்னொன்று வாங்க ஆகும் செலவு. பாகத்துக்கு, விற்க அவசரப்படாதவரும் வாங்க அவசரப்படாதவரும் ஒத்துக்கொள்ளும் விலை.

நான் எழுதியது நான்கு பக்கம். அளவு, பலகை, ரேக்கு, கன்னத்து எனாமல், பாதத்துச் சேதம், ஒப்பிட்ட ஆறு விற்பனைகள், தேதி, நோக்கம். நானும் ஒரு பங்காளி என்பதால், இந்தப் படத்தை நான் வாங்கப்போவதில்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். பட்டறைப் பெரியவரிடம், அவரே தனியாகப் படத்தைப் பார்த்து என் கணக்கு சரியா என்று சொல்லச் சொன்னேன். அவர் கூலி மட்டும் வாங்கிக்கொண்டார், மதிப்பில் சதவீதம் கேட்கவில்லை. வந்த தொகை அந்த வியாபாரி சொன்னதைப் போல மூன்று மடங்கு.

படத்தை அத்தை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணமாகக் கொடுத்தார். மாட்டப் போனபோது அந்த நான்கு பக்கத்தின் நகலை ஓர் உறையில் போட்டு, பலகையில் படாமல் பின்சட்டத்தில் கட்டிவிட்டு வந்தேன்.